சர்வர் மூடப்படும் கேம்களைக் காப்பாற்ற எந்த வழி?

2024 மார்ச் 31 அன்று யூபிசாஃப்ட் நிறுவனம் 'தி க்ரூ' என்ற கார் பந்தய கேமின் சர்வர்களை நிறுத்தியது. 2014இல் வெளிவந்த கேம் அது. அமெரிக்கா முழுவதையும் குறுக்கி ஒரே வரைபடமாக்கி, நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் வரை எங்கும் நிற்காமல் ஓட்டிப் போகும்படி செய்திருந்தார்கள். தனியாளாக விளையாட நீண்ட கதைப் பகுதியும் உண்டு. ஆனால் அந்தப் பகுதிக்கும் சர்வர் தொடர்பு கட்டாயம். அதனால் காசு கொடுத்து வாங்கிய டிஸ்க் அலமாரியில் பத்திரமாக இருந்தும், போட்டால் கேம் தொடங்குவதில்லை.

கேம்களையும் கன்சோல்களையும் சேர்த்து வைப்பவர்கள் எல்லாருக்கும் இப்போது இதுதான் கவலை. இணையத்தை நம்பி ஓடும் ஒரு கேம் இன்னும் இருபது, முப்பது வருடம் கழித்தும் ஓட வேண்டும் என்றால் எந்த வழியில் உழைப்பைப் போடுவது? கன்சோலை அப்படியே பேணி வைக்கலாம். ஆர்வலர்கள் எழுதும் மாற்றுச் சர்வர்களை நம்பலாம். எமுலேட்டரை, அதாவது கணினியைக் கன்சோல் போல நடிக்கவைக்கும் மென்பொருளை, நம்பலாம். நிறுவனமே ஆஃப்லைன் பதிப்பு தரட்டும் என்று சட்டத்தின் பக்கம் போகலாம். அருங்காட்சியகங்களிடம் விட்டுவிடலாம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மாற்றுச் சர்வரும் எமுலேட்டரும் சேர்ந்த வழிதான் நிற்கும். அதற்கான வேலையில் பெரும்பகுதியை, அசல் சர்வர் உயிரோடு இருக்கும்போதே முடித்துவிட வேண்டும்.

எல்லா 'ஆன்லைன் கேமும்' ஒரே மாதிரி சாவதில்லை. இந்த வித்தியாசம் தெரியாமல் வழியைத் தேர்ந்தெடுக்க முடியாது. சில கேம்களுக்கு இணையம் தேவைப்படுவது வாங்கவும் டவுன்லோடு செய்யவும் மட்டும்தான். நின்டெண்டோ 3டிஎஸ், வீ யூ கடைகள் 2023 மார்ச் 27 அன்று மூடப்பட்டபோது புதிதாக வாங்குவது நின்றது. ஏற்கெனவே இறக்கி வைத்தவை இன்றும் ஓடுகின்றன. வேறு சில கேம்களில் ஆட்டம் முழுக்க உங்கள் கருவியிலேயே நடக்கும், எதிராளியைத் தேடித் தருவதற்கு மட்டும் சர்வர் வேண்டும். மரியோ கார்ட் வீ அப்படிப்பட்டது. மூன்றாவது வகையில் ஆட்டத்தின் ஒரு பாதியே சர்வரில்தான் இருக்கும்: எதிரி எங்கே நிற்கிறான், உங்கள் கையில் எவ்வளவு பணம், எந்தக் கதவு திறந்திருக்கிறது என்பதெல்லாம் அங்கே முடிவாகும். தி க்ரூ, சிட்டி ஆஃப் ஹீரோஸ் போன்றவை இந்த வகை. கடைசி வகையில் உங்கள் கையில் எதுவுமே இருக்காது. கூகுளின் ஸ்டேடியா 2023 ஜனவரி 18 அன்று மூடப்பட்டபோது, அதில் மட்டுமே வந்திருந்த 'அவுட்காஸ்டர்ஸ்' என்ற கேம் அதோடு போயிற்று. படம் மட்டும் ஒளிபரப்பாக வீட்டுக்கு வந்ததால், எடுத்து வைக்க யாரிடமும் ஒரு கோப்புகூட இல்லை.

கன்சோலை அப்படியே வைத்திருப்பது எல்லாருக்கும் முதலில் தோன்றும் வழி. அதே கன்ட்ரோலர், அதே திரை, கை பழகிய அதே தாமதம். இதை வேறு எதனாலும் முழுசாகக் கொடுக்க முடியாது. ஆனால் கருவிகள் சும்மா இருந்தாலும் கெடும். முதல் தலைமுறை எக்ஸ்பாக்ஸின் போர்டில் கடிகாரத்துக்கென்று ஒரு சின்னக் கப்பாசிட்டர் இருக்கிறது. பரணில் கிடக்கிற பெட்டியிலும் அது கசியும், கசிந்த திரவம் போர்டின் தடங்களை அரிக்கும். கடைசியாக வந்த 1.6 பதிப்பைத் தவிர மற்ற எக்ஸ்பாக்ஸ் வைத்திருப்பவர்கள் கன்சோலைத் திறந்து அதைக் கழற்றிவிடுவதுதான் நல்லது. கழற்றினால் தேதி நிற்காது, அவ்வளவுதான்.

பிளேஸ்டேஷன் விஷயம் இதைவிடச் சிக்கல். பிஎஸ்3-க்குள் சிஆர்2032 நாணய பேட்டரி ஒன்று உண்டு, கடையில் சில பத்து ரூபாய்க்குக் கிடைப்பது. அது தீர்ந்தால் கன்சோல் நேரத்தை மறந்துவிடும். பேட்டரியை மாற்றிய பிறகு சோனியின் சர்வரிலிருந்து நேரத்தை மறுபடி வாங்கினால்தான் டவுன்லோடு செய்த கேம்கள் ஓடும். அந்தச் சர்வர் இல்லாத நாளில் நல்ல பேட்டரி போட்டும் பயன் இருக்காது. பிஎஸ்4-இல் இதைவிட மோசம், டிஸ்க் கேம்களே மாட்டிக்கொள்ளும் நிலை இருந்தது. 2021 மார்ச்சில் பிஎஸ்3, வீட்டா, பிஎஸ்பி கடைகளை மூடப்போவதாக சோனி அறிவித்தபோதுதான் இந்தச் சிக்கல் பரவலாகப் பேசப்பட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் ஏப்ரலில் பிஎஸ்3, வீட்டா கடைகளுக்கான முடிவைத் திரும்பப் பெற்றார்கள். அதே வருடம் செப்டம்பரில் வந்த 9.00 அப்டேட் பிஎஸ்4 பேட்டரிச் சிக்கலைச் சத்தமில்லாமல் தீர்த்தது. ஆகவே யாரிடமாவது பழைய அப்டேட்டிலேயே நிற்கும் பிஎஸ்4 இருந்து, அதை விளையாடுவதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள் என்றால் அப்டேட் செய்துவிடுவது நல்லது.

'டிஸ்க் கையில் இருந்தால் பயமில்லை' என்ற பழைய நம்பிக்கையும் இப்போது செல்லுபடியாகாது. 2025இல் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 2-க்குப் பல கேம்கள் 'கேம்-கீ கார்டு' வடிவில் விற்கப்படுகின்றன. கார்டில் கேம் இருக்காது, அதைச் செருகியதும் டவுன்லோடு செய்ய அனுமதி மட்டும் கிடைக்கும். சட்டப்படி வெளியீடுகளைச் சேகரிக்கும் ஜப்பானின் தேசிய நாடாளுமன்ற நூலகமே இந்தக் கார்டுகளைத் தன் சேகரிப்பில் சேர்க்க முடியாது என்று சொல்லிவிட்டது. ஒரு நாட்டு நூலகம் வேண்டாம் என்ற பொருளை நாம் அலமாரியில் அடுக்கி என்ன செய்வது? கன்சோலை வைத்திருங்கள், பராமரியுங்கள். அதோடு நிறுத்திவிட்டால் போதாது.

மாற்றுச் சர்வர் எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரு நின்டெண்டோ டிஎஸ்ஸில் பார்த்தால் சுலபமாகப் புரியும். டிஎஸ், வீ இரண்டுக்குமான ஆன்லைன் சேவையை 2014 மே 20 அன்று நின்டெண்டோ நிறுத்தியது. பின்னணியில் எதிராளிகளைச் சேர்த்துவைத்த கேம்ஸ்பை நிறுவனம் அதே மாதத்தில் கடையைக் கட்டியதுதான் காரணம் என்று பரவலாகச் சொல்லப்பட்டது. மரியோ கார்ட் டிஎஸ்ஸைப் போட்டு, நின்டெண்டோ வைஃபை அமைப்புக்குள் போனால் மூன்று இணைப்புகள் தெரியும். முதல் இணைப்பைத் திறந்து, டிஎன்எஸ் (இணையப் பெயரைச் சொன்னால் அதன் முகவரியைத் தரும் சேவை) முகவரியைத் தானாகப் பெறுவதை 'வேண்டாம்' என்று மாற்றி, விம்ஃபி போன்ற ஒரு மாற்றுச் சேவையின் எண்ணை ஸ்டைலஸால் தட்டிச் சேமிக்க வேண்டும். இனி நின்டெண்டோவின் பெயரைச் சொல்லி டிஎஸ் முகவரி கேட்டால், அந்த டிஎன்எஸ் வேறொரு கணினியின் முகவரியைத் தரும். டிஎஸ் அதை நின்டெண்டோ என்றே நம்பிப் பேசத் தொடங்கிவிடும். சான்றிதழைச் சரிபார்ப்பதில் டிஎஸ்ஸில் ஒரு ஓட்டை இருப்பதால் கேமைத் தொடவே வேண்டாம்.

இதில் கை கடிப்பது வைஃபைதான். டிஎஸ்ஸுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் தெரியும், பாதுகாப்பு முறைகளில் பழைய டபிள்யூஇபி மட்டும் தெரியும். இன்றைய ரௌட்டர்கள் பலவற்றில் அந்த முறையே இல்லை. நான் ஒரு பழைய போனில் பாஸ்வேர்டு இல்லாத ஹாட்ஸ்பாட் போட்டு, ஆட்டம் முடிந்ததும் அணைத்துவிடுவேன். இணைப்புச் சோதனை பாஸ் ஆகி, எங்கோ ஒரு நாட்டுக்காரர் பெயர் திரையில் வந்து பந்தயம் தொடங்கும்போது வரும் சந்தோஷம் சொல்லி முடியாது. நிறுவனம் கைவிட்டுப் பத்து வருடத்துக்கு மேல் ஆன சேவை அது.

வீ யூ, 3டிஎஸ்ஸுக்கு இதே வேலையைச் செய்வது பிரெட்டெண்டோ. அவற்றின் ஆன்லைன் ஆட்டத்தை நின்டெண்டோ 2024 ஏப்ரல் 8 அன்று நிறுத்தியது. அதற்கு முந்தைய மாதங்களில் பிரெட்டெண்டோ குழு விளையாடுபவர்களிடம் ஓர் உதவி கேட்டது: ஆன்லைனில் விளையாடும்போது கன்சோலுக்கும் சர்வருக்கும் இடையே போய்வரும் தரவைப் பதிவு செய்து அனுப்புங்கள் என்று. சர்வர் நிரல் நின்டெண்டோவிடம் இருந்தது, வெளியே வராது. ஆனால் 'கேள்வி இது, பதில் இது' என்ற பதிவு கையில் இருந்தால் அதே மாதிரி பதில் சொல்லும் இன்னொரு சர்வரை எழுதிவிட முடியும். மூடிய மறுநாள் அந்தப் பதிவை யாராலும் எடுக்க முடியாது. முந்திச் செய்ய வேண்டும் என்று நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு இதுதான் காரணம்.

பதிவு எடுத்தாலும் திரும்பாத ஒன்று உண்டு. சூப்பர் மரியோ மேக்கரில் விளையாடுபவர்களே ஆட்டக் களங்களை உருவாக்கிப் பதிவேற்றினார்கள். வீ யூ பதிப்பில் புதிய பதிவேற்றம் 2021 மார்ச் இறுதியில் நின்றது. ஒரு குழு, யாருமே முடிக்காத களங்களை ஒவ்வொன்றாக முடித்துவந்தது. சர்வர் மூடுவதற்குள் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும் என்பது அவர்கள் சபதம். கடைசியாக நின்ற 'ட்ரிம்மிங் தி ஹெர்ப்ஸ்' என்ற களம் 2017இல் மென்பொருள் உதவியோடு முடித்துப் பதிவேற்றப்பட்டது என்று அதை உருவாக்கியவரே 2024 மார்ச்சில் ஒப்புக்கொண்டார். அப்படியும் விடவில்லை. ஏப்ரல் 8-க்கு முன்பே ஒருவர் அதைக் கையாலேயே முடித்துக் காட்டினார். இந்தக் கேமுக்குப் புதிய சர்வர் எழுதுவது மட்டும் என்றால், நூலகக் கட்டடத்தைத் திரும்பக் கட்டிவிட்டு அலமாரியைக் காலியாக விட்ட மாதிரிதான். களங்கள்தான் அந்தக் கேம். மக்கள் படைத்தவை சர்வரில் இருக்கும் கேம் என்றால், சர்வர் நிரலைவிட அந்தத் தரவைக் காப்பதற்கு முதலிடம் கொடுங்கள்.

ஆட்டத்தின் பாதி சர்வரில் இருக்கும் வகைக்கும் மாற்றுச் சர்வர் வந்திருக்கிறது, ஆனால் காத்திருப்பு நீளம். சிட்டி ஆஃப் ஹீரோஸை என்சிசாஃப்ட் 2012 நவம்பர் 30 அன்று மூடியது. ஒரு சின்னக் குழு ரகசியமாகச் சர்வர் நடத்திவந்தது 2019இல்தான் வெளியே தெரிந்தது. அதன் பின் நிரல் பொதுவில் வந்து பல சர்வர்கள் முளைத்தன. அவற்றில் ஒன்றான ஹோம்கமிங்குக்கு 2024 ஜனவரியில் என்சிசாஃப்ட்டே உரிமம் கொடுத்தது. தி க்ரூவுக்கும் ஆர்வலர்கள் உழைத்து 2025 செப்டம்பரில் 'தி க்ரூ அன்லிமிடெட்' என்ற மாற்றுச் சர்வரை வெளியிட்டார்கள்.

இந்த வழிக்கு இருக்கும் ஆபத்து, இதுவும் இன்னொருவரின் சர்வர்தான் என்பது. நடத்துபவருக்குச் சலிப்பு வரலாம், பணம் தீரலாம், வக்கீல் நோட்டீஸ் வரலாம். அதனால் ஒரு மாற்றுச் சேவையை நம்பும் முன் நான் பார்ப்பது, அதன் நிரல் பொதுவில் இருக்கிறதா என்பதைத்தான். பிரெட்டெண்டோ தன் நிரலைத் திறந்து வைத்திருக்கிறது. நாளை அந்தக் குழு கலைந்தாலும் வேறு யாராவது எடுத்து நடத்தலாம். நிரலை மூடி வைத்திருக்கும் சேவை எவ்வளவு நன்றாக ஓடினாலும் எனக்கு அரை நம்பிக்கைதான்.

கருவி சாகும், சர்வர் மூடப்படும் என்ற இரண்டு சிக்கலில் முதலாவதற்கு விடை எமுலேட்டர். பிஎஸ்3-க்கு ஆர்பிசிஎஸ்3, வீ யூவுக்கு செமு, முதல் எக்ஸ்பாக்ஸுக்கு ஸெமு. செமுவின் நிரல் 2022இல் திறந்துவிடப்பட்டது. பிரெட்டெண்டோவோடும் அது சேரும். ஆனால் ஆன்லைனில் போக உங்கள் சொந்த வீ யூவிலிருந்து எடுத்த சில கோப்புகள் வேண்டும், கன்சோலின் அடையாளமே அவற்றில்தான் இருக்கிறது. அந்தக் கன்சோல் செத்த பிறகு எடுக்க முடியாது. ஆர்பிசிஎஸ்3-இல் சோனியின் சேவைக்கு மாற்றாக ஆர்பிசிஎன் என்ற சொந்த ஏற்பாடே இருக்கிறது. கன்சோல் உடைந்த பிறகும், நிறுவனம் மறந்த பிறகும் இரண்டு பேர் இணைந்து விளையாட முடியும் என்பதை இந்தச் சேர்க்கை நிரூபித்துவிட்டது.

சட்டம் இதில் மென்மையாக இல்லை. ஸ்விட்ச் எமுலேட்டரான யுஸுவை உருவாக்கியவர்கள் மீது நின்டெண்டோ 2024 பிப்ரவரியில் வழக்குப் போட்டது. அடுத்த மாதமே 24 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆயிற்று. அதோடு அதே குழுவின் சிட்ராவும் நிறுத்தப்பட்டது. 3டிஎஸ்ஸுக்கான நல்ல எமுலேட்டர் அது, கடை மூடிய கன்சோலுக்கானது. விற்பனையில் இருக்கும் கன்சோலையும் செத்த கன்சோலையும் ஒரே கையால் தொட்டதற்கு கொடுத்த விலை. நிரல் திறந்திருந்ததால் சிட்ராவின் வழித்தோன்றல்கள் பிழைத்தன.

இந்தியச் சட்டத்தைப் பார்த்தால், பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, முறைப்படி கையில் வைத்திருக்கும் கணினி நிரலை இழப்பிலிருந்தும் சேதத்திலிருந்தும் காக்கக் காப்புப் பிரதி எடுக்க இடம் தருகிறது. 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு தொழில்நுட்பப் பூட்டை உடைப்பதைக் குற்றமாக்குகிறது. சொந்த டிஸ்க்கிலிருந்து சொந்தப் பிரதி எடுப்பதும், அதைப் பத்துப் பேருக்கு அனுப்புவதும் வேறு வேறு என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் முதலாவதைப் பற்றித்தான் பேசுகிறேன்.

நிறுவனமே வழி செய்து கொடுத்தால் அதைவிடச் சிறந்தது எதுவும் இல்லை. செய்ய முடியும் என்பதற்குச் சாட்சி நிறைய. நின்டெண்டோவின் 'அனிமல் கிராசிங்: பாக்கெட் கேம்ப்' 2017இல் வந்த போன் கேம். 2024 நவம்பரில் சேவையை நிறுத்தியவர்கள், ஒருமுறை காசு கொடுத்து வாங்கும் தனிப் பதிப்பை டிசம்பரில் வெளியிட்டார்கள். பழைய ஆட்டத்தை அதற்கு மாற்றிக்கொள்ளவும் முடிந்தது. 'நாக்அவுட் சிட்டி'யை உருவாக்கிய வெலன் ஸ்டுடியோஸ் 2023இல் சர்வரை மூடும்போது, யார் வேண்டுமானாலும் சொந்தச் சர்வர் நடத்தும் கணினிப் பதிப்பை இலவசமாகவே கொடுத்தது. சின்ன நிறுவனத்தால் முடிந்தது பெரிய நிறுவனங்களால் முடியாதா?

தி க்ரூ மூடப்பட்ட கோபத்தில்தான் 2024 ஏப்ரலில் யூடியூபர் ராஸ் ஸ்காட் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்தைத் தொடங்கினார். விற்ற கேமை, சேவை முடிந்த பிறகும் விளையாடக்கூடிய நிலையில் விட்டுச்செல்ல வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. ஐரோப்பிய ஒன்றியத்தில் அதற்கான குடிமக்கள் மனு 2025 ஜூலை இறுதிக்குள் தேவையான 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. யூபிசாஃப்ட்டும் 2025இல் 'தி க்ரூ 2'-க்கு ஆஃப்லைன் வழி கொடுத்துவிட்டது. அந்த மனுவில் கையெழுத்திட்ட ஒவ்வொருவருக்கும் நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன். ஆனாலும் உங்கள் அலமாரியில் இருக்கும் கேமுக்கு இதை மட்டும் நம்பி உட்கார முடியாது. சட்டம் வர வருடங்கள் ஆகும். வந்தாலும் ஏற்கெனவே செத்த கேம்களை அது எழுப்பாது. கலிஃபோர்னியா 2024இல் நிறைவேற்றிய சட்டம்கூட, டிஜிட்டலாக விற்பது உரிமம்தான் என்பதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்லச் சொல்கிறதே தவிர, கேமை ஓடவைக்கச் சொல்லவில்லை.

அருங்காட்சியகங்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடியும். அமெரிக்காவின் ஓக்லண்டில் உள்ள மேட் அருங்காட்சியகம், 1986இல் சோதனைக்கு வந்த லூகாஸ்ஃபில்மின் 'ஹேபிடேட்' என்ற ஆன்லைன் உலகத்தைத் திரும்ப ஓடவைத்த முயற்சியில் முன்னின்றது. அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2018இல் நூலகங்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும், கைவிடப்பட்ட ஆன்லைன் கேம்களைப் பாதுகாக்க விலக்கு கொடுத்தது. ஆனால் கட்டடத்துக்குள் வந்துதான் பார்க்க வேண்டும். தொலைவிலிருந்து பார்க்க அனுமதி கேட்டதை 2024 அக்டோபரில் மறுத்துவிட்டார்கள். ஆராய்ச்சியாளருக்கு அது பெரிய வரம். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருப்பவர் அந்தக் கேமை விளையாட அதனால் வழி பிறக்காது.

சரி, எதை எப்போது செய்வது? கடை மட்டும் மூடிய கன்சோல் உங்களிடம் இருந்தால் வாங்கியதையெல்லாம் இப்போதே இறக்கிக்கொள்ளுங்கள். கூடவே வந்த அப்டேட்டுகளையும் விடாதீர்கள், டிஸ்க்கில் இருப்பது பெரும்பாலும் முதல் நாள் பதிப்புதான். அப்புறம் கன்சோலின் உள் நினைவகத்தை முழுசாகப் பிரதி எடுத்து, இரண்டு வேறு இடங்களில் வையுங்கள். எதிராளியைத் தேட மட்டும் சர்வர் தேவைப்படும் கேம்களுக்கு மாற்றுச் சேவை இருக்கிறதா என்று பார்த்து, சேர்ந்து விளையாடுங்கள். ஆள் வராத சர்வரை நடத்த யாருக்கும் மனம் வராது. பாதி ஆட்டம் சர்வரில் இருக்கும் கேம் என்றால், மூடும் அறிவிப்பு வந்த அன்றே அதைப் பதிவு செய்யும் குழுவைத் தேடிப் பிடித்து, அவர்கள் கேட்கும் தரவைக் கொடுங்கள். அறிவிப்புக்கும் மூடலுக்கும் இடையே சில மாதம் கிடைக்கலாம், சில நாள்தான் கிடைக்கலாம். 'கான்கார்ட்' 2024 ஆகஸ்ட் 23 அன்று வெளியாகி, செப்டம்பர் 6 அன்று மூடப்பட்டது. 2020 செப்டம்பரில் இந்தியாவில் தடை செய்யப்பட்ட பப்ஜி மொபைலுக்கு அக்டோபர் 30-இல் சர்வர் நின்றது நம்மில் பலருக்கு நினைவிருக்கும்.

படம் மட்டும் ஒளிபரப்பாக வரும் கேமுக்கு இதில் ஒன்றும் உதவாது. அதற்கு வீடியோ பதிவு ஒன்றுதான் வழி, அதையாவது ஒழுங்காகச் செய்வோம். வெற்றிபெற்ற ஆட்டங்களின் துண்டுகள் இணையத்தில் எப்படியும் மிஞ்சும். யாரும் எடுக்காதவை மெனுக்கள், பயிற்சிப் பகுதி, காத்திருக்கும் திரை, கடைப் பக்கம், தோற்றால் வரும் செய்தி. தொடக்கத் திரையிலிருந்து வெட்டாமல், மேலே பேச்சு ஏதும் சேர்க்காமல், கன்ட்ரோலரில் கை எங்கே போகிறது என்பதும் தெரியும்படி ஒரு முழு ஆட்டத்தை எடுங்கள். கோப்பின் பெயரிலேயே தேதியையும் கேமின் பதிப்பு எண்ணையும் எழுதி, இன்டர்நெட் ஆர்க்கைவ் போன்ற பொது இடத்தில் ஏற்றிவிடுங்கள்.